ஒரு அடுப்புக்கு ஒரு பெயர்

இளையவளின் போன் ஒரு சத்தம் போட்டது. அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். பிறகு உதடு அசைய இன்னொரு தடவை படித்தாள்.

மூத்தவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே கூடாது என்றுதான் நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை.

"என்னடி?"

"சேதி வந்துருச்சுக்கா. வெள்ளப் பணம். என் பேருக்கு ஒதுக்கிட்டாங்களாம்."

"எவ்வளவு?"

இளையவள் தொகையைச் சொன்னாள். ஐஸ் கம்பெனியில் அவள் எட்டு மாதம் ஐஸ் கட்டிகளைத் தள்ளினால் வருகிற பணம் அது.

"நல்லதுதான்" என்றாள் மூத்தவள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் சுடுகஞ்சியில் பாதி அவள் கால்மேல் கொட்டிவிட்டது. "ஐயோ அக்கா!" என்று இளையவள்தான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மூத்தவளுக்குக் கால் எரிந்தது பெரிதாகத் தெரியவில்லை. வயிறு அதைவிட அதிகமாக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன், தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். தெருவைப் பார்த்த வாசல் ஒன்றுதான், கதவு எண்ணும் ஒன்றுதான். முன்பக்கம் மூத்தவளும் அவள் கணவரும். பின்பக்கம் தம்பி கல்யாணத்துக்குப் பிறகு நாலு படி உயர்த்திக் கட்டிய ஒற்றை அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு முற்றம். தம்பி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். வந்தவர்கள் எல்லாரும், "மூத்தவர் இருக்கார், பார்த்துக்குவார்" என்று இளையவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மூத்தவரும் அதை மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அதாவது தம்பி மனைவி எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்று.

இளையவள் ஒரு மாதம் அழுதாள். இரண்டாவது மாதம் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தாள். நெஞ்சளவு உயரமான ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து, அரைக்கும் மெஷினின் வாயில் தள்ளிவிடுகிற வேலை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது விரல்கள் வெளுத்துப்போய் ஊறிக் கிடக்கும். பின்னறையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக்கொண்டாள். தனக்கு வேண்டியதைத் தானே சமைத்தாள். ஒருநாள் வெறும் முட்டை, ஒருநாள் ஒன்றுமே இல்லை, ஒருநாள் கடையிலிருந்து பொட்டலம். கேட்க ஆளில்லை.

இந்தக் கேட்க ஆளில்லாத தன்மைதான் மூத்தவளுக்கு முதலில் உறுத்தியது.

மூத்தவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாக எடுத்துத் தைத்துத் தரும் காண்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து வெட்டிய துணி மூட்டை மூட்டையாக வரும். ஒரு நாளைக்குப் பதினெட்டு சட்டை. காலர், கை, பித்தான் துளை எல்லாம் அவளே. கூலியை மட்டும் காண்ட்ராக்டர் அவள் கையில் கொடுத்ததில்லை. லாரி ரோட்டில் சுமை வண்டிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று இருக்கிறது. அங்கே பதினாறு வருஷமாக ரசீது போடுகிறவர் மூத்தவளின் கணவர். ஊரே அவரை எடைக்காரர் என்றுதான் சொல்லும். காண்ட்ராக்டரின் வண்டி வாரத்துக்கு இருமுறை அந்த மேடையில் ஏறி இறங்கும். அப்படியே அவர் கையில் கூலியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வழியிலேயே இருக்கிற சௌகரியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் மூத்தவளின் கண் பின்னறைப் பக்கம் போகும். இளையவளுக்குத் தனியாக ஒரு போன். தனியாக ஒரு பூட்டு. சம்பளத் தேதியில் அவள் வாங்கிவந்த வாசனைச் சோப்பின் மணம் முற்றத்தைத் தாண்டி வந்து மூத்தவளின் மூக்கில் ஏறும். 'புருஷன் செத்துப்போனவளைப் பார்த்து வயிறெரிகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்' என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டுவிட்டு மறுபடியும் எரிவாள்.

அந்தச் சமயத்தில்தான் குடைக்காரி தெருவுக்குள் வந்தாள். அவளுடைய பையில் ஒரு குடைப் படம் போட்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். வெள்ளக் காப்பீட்டுக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. பாலத்தின் மூன்றாவது தூணில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், பணம் கட்டி வந்த குடும்பங்களுக்கெல்லாம் ஒரே அளவுத் தொகை. யார் வீட்டில் எது போயிற்று என்று யாரும் வந்து எட்டிப்பார்க்க மாட்டார்கள். கோட்டைத் தொட்டால் உண்டு, ஒரு விரல் கீழே நின்றால் இல்லை. மாதத் தொகையில் பாதியை அரசாங்கம் கட்டும், மீதியை நாம் கட்ட வேண்டும்.

"அவ்வளவு பணத்தை யாரும்மா தருவா?" என்று தெருவில் ஒருத்தி கேட்டாள்.

"கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய கம்பெனிங்க இருக்கு. இந்த மாதிரி எத்தனையோ நாட்டு ஆத்துக்கு அவங்கதான் பொறுப்பு எடுத்திருக்காங்க" என்றாள் குடைக்காரி.

தெருவே சிரித்தது. "நம்ம வாய்க்கால்ல அடைச்சிருக்கிற குப்பையை எடுக்க ஒருத்தனும் வரல. கடல் தாண்டி இருக்கிறவன் நம்ம வெள்ளத்துக்குப் பணம் தர்றானாம்!"

மூத்தவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே கணவரிடம் கேட்டாள். எடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "வராத வெள்ளத்துக்கு இப்பவே காசா? நல்லா காதுல பூ சுத்துறாளுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இளையவள் யாரையும் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டாள். பதினான்கு மாதம் விடாமல் கட்டினாள். "நீங்களும் சேருங்கக்கா, பெரிய தொகை இல்ல" என்று நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மூத்தவளுக்குப் புண்ணில் உப்பைத் தடவியதுபோல இருந்தது.

பதினைந்தாவது மாதம் ஆறு கோட்டைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் தெருவுக்குள்ளும் வந்தது. பின்னறை நாலு படி உயரம் என்பதால் அங்கே கணுக்கால் அளவுதான் தண்ணீர். இளையவளின் மண்ணெண்ணெய் அடுப்பு தரையில் இருந்தது, அது ஒன்றுதான் போயிற்று. முன்பக்கம் இடுப்பளவு ஏறியது. சமையல் அடுப்பையும் சிலிண்டரையும் எடைக்காரர் பரண்மேல் ஏற்றிக் காப்பாற்றினார். தையல் மெஷினை யாரும் தூக்கவில்லை. மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்து, மோட்டாருக்குள் மண் புகுந்து, சக்கரத்தைத் திருப்பினால் நறநறவென்று பல்லைக் கடித்தது. காண்ட்ராக்டர் மூட்டையை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்பு. கரண்டு இல்லாமல் ஐஸ் கம்பெனியும் ஒரு மாதம் மூடிக் கிடந்ததால் இளையவளுக்கு வேறு அடுப்பு வாங்கக் கையில் காசில்லை. நிவாரணத்தில் கிடைத்த அரிசியை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். மூத்தவள் சேர்த்துப் பொங்கினாள். ஐந்து வாரமாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சொல்லப்போனால் அந்த ஐந்து வாரமும் மூத்தவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. மூத்தவளிடம் இல்லாதது எதுவும் அப்போது இளையவளிடமும் இல்லை.

அப்புறம்தான் போன் அந்தச் சத்தத்தைப் போட்டது.

சேதியை எடைக்காரரிடம் சொன்னவளும் மூத்தவள்தான். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அவ ரூமுல தண்ணி கணுக்காலுக்குக்கூட சரியா ஏறல. எனக்கு மிஷினே போச்சு. அவளுக்குப் பணமாம். இது என்னங்க நியாயம்?"

எடைக்காரர் கோபப்படவில்லை. அவர் எதற்கும் சட்டென்று கோபப்படுகிறவர் அல்ல. நிறுத்துப் பார்த்துப் பேசுகிறவர்.

"வீடு யார் பேருல இருக்கு?"

"உங்க பேருலதான்."

"வெள்ளம் எதுக்குள்ள வந்துச்சு? வீட்டுக்குள்ள. அப்ப வீட்டுக்கு வந்த பணம் யாருக்கு? இதுல சண்டை போட என்ன இருக்கு?" தண்ணீர் குடித்துவிட்டு மேலே சொன்னார். "மேடையில ஒருத்தன் சொன்னான். ஆம்பிளை பேருல இருந்தா நேரா குடுத்துடுவாங்களாம். பொம்பளை பேருல இருந்து, அதே கதவு நம்பர்ல இன்னொரு குடும்பமும் இருந்தா, விசாரிச்சிட்டுத்தான் குடுப்பாங்களாம். தனி அடுப்புன்னா தனிக் குடும்பம். ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம், பணம் குடும்பத் தலைவருக்கு. உன்னைத்தான் வந்து கேப்பாங்க."

"என்னையா?"

"வீட்டுல இருக்கிற பொம்பளைதானே அடுப்பைப் பத்திச் சொல்லணும்? நீ பொய்யெல்லாம் சொல்ல வேணாம். அவ யார் அடுப்புல சாப்பிடுறான்னு இருக்கிறதைச் சொல்லு. பணம் வந்தா மொத வேலை உனக்குப் புது மிஷின்."

 அன்றைக்கு மூத்தவள் அவருக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டாள்.

அவள் மனது முழுசாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் அப்படியும் இப்படியுமாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் இளையவள் வேலைக்குக் கிளம்பும்போது முற்றத்தில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. மேட்டுத் தெருவுல ஒரு ரூம் பார்த்திருக்கேன். கம்பெனிக்குப் பின்னாலயே. பணம் வந்ததும் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அங்க எந்த வெள்ளமும் ஏறாது. ஜன்னலைத் திறந்தா பாலம் தெரியுது" என்றாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"தனியாவா?"

"தனியாத்தான். வேற யாரு இருக்கா எனக்கு?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மூத்தவள் முற்றத்திலேயே நின்றாள். இந்த வீட்டைவிட்டுப் போகலாம் என்று ஒரு யோசனை இருக்க முடியும் என்பதே வாழ்க்கைப்பட்டு வந்த பத்தொன்பது வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதில்லை. ஜன்னலாம். பாலமாம். அவள் போய்விடுவாள். நான் இந்தச் சேற்றைச் சுரண்டிக்கொண்டு இங்கேயே கிடப்பேன்.  

அதே நாள் பத்து மணிக்குக் குடைக்காரி வந்தாள். இளையவள் வேலையில் இருந்தாள். குடைக்காரி வாசல்படியில் உட்கார்ந்து, படிவத்தை ஒரு அட்டையில் செருகி மடியில் வைத்துக்கொண்டாள். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது.

"சின்ன விசாரணைதான்மா. நாலே கேள்வி. பின்னாடி ரூமுல இருக்கிறவங்க உங்களுக்கு என்ன முறை?"

"என் கொழுந்தன் பொண்டாட்டி."

"எத்தனை வருஷமா இருக்காங்க?"

"கல்யாணம் ஆகி ஏழு வருஷம். கொழுந்தன் போயி மூணு வருஷம்."

"தனியாச் சமைக்கிறாங்களா?"

"எங்க அடுப்புலதான் சாப்பிடுறா."

குடைக்காரி எழுதவில்லை. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளத்துக்கு அப்புறமா? இல்ல, முன்னாலயும் அப்படித்தானா? அதைத் தெளிவாச் சொல்லணும்மா. வெள்ளத்துக்கு அப்புறம் மட்டும்னா பரவாயில்ல."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டதுபோல இருந்தது அந்தக் கேள்வி. அந்தப் பக்கம் போக வேண்டியதுதான் பாக்கி. குடைக்காரிக்கே உண்மை தெரியும். பதினான்கு மாதம் பணம் வாங்க அவள் பின்னறைக்குத்தான் போய்வந்திருக்கிறாள். அந்த மண்ணெண்ணெய் அடுப்பில் போட்ட டீயைக் குடித்திருக்கிறாள்.

"எப்பவுமே எங்க அடுப்புலதான்" என்றாள் மூத்தவள்.

குடைக்காரி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நான் பார்த்ததை எழுத இதுல இடம் இல்லம்மா. நீங்க சொல்றதை எழுதத்தான் இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். வேறு யாருடைய கையெழுத்தும் கேட்கவில்லை. மூத்தவளின் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் சொல்லுக்கு அவ்வளவு மதிப்புக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

பத்து நாளில் பணம் எடைக்காரரின் கணக்குக்கு வந்தது. எப்போதுமே ஒரே அடுப்பு என்று மூத்த ஓரகத்தி சாட்சி சொன்னதால் பணம் குடும்பத் தலைவருக்கு என்று சேதி இளையவளின் போனுக்கும் போயிற்று. அவள் கட்டிய பதினான்கு மாதத் தொகையும் குடும்பத்தின் சார்பில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் என்று அதில் மரியாதையாகப் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது மூத்தவள் தட்டு எடுத்து வைத்திருந்தாள். இளையவள் உட்காரவில்லை.

"எப்பவுமேன்னா சொன்னீங்க?"

மூத்தவள் குனிந்து கரண்டியைத் துடைத்தாள்.

"மூணு வருஷம் நான் திரி மாத்தி மாத்திப் பத்த வச்ச அடுப்புக்கா அது. எத்தனையோ நாள் நீங்களே வந்து அதுல சுடுதண்ணி வச்சிருக்கீங்க. பணம் போனாப் போகுது. நான் ஒருத்தி இங்க தனியா இருந்தேன்கிறதையே இல்லைன்னுட்டீங்களே."

உள்ளேயிருந்து எடைக்காரர், "என்ன சத்தம் அங்க? உன்னை யாரும் பட்டினி போடலையே. இந்த வீட்டுல உனக்கு எப்பவும் சோறு உண்டு. பணம் கையில இருந்தாத்தான் சோறா?" என்றார். குரலில் நிஜமாகவே அன்பு இருந்தது. அதுதான் அதில் மோசம்.

இளையவள் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். முற்றத்துக்குப் போனாள். வெள்ளத்தில் இடிந்த சுவரிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்து, முக்கோணமாக வைத்தாள். மறுநாள் ஐஸ் கம்பெனியிலிருந்து உடைந்த மீன்பெட்டிப் பலகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு அவளுடைய சோறு அங்கேதான் வெந்தது. மேட்டுத் தெரு அறைக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எடைக்காரர் ஒரு பைக் வாங்கினார். பழசுதான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. எடைமேடைக்குப் போக வர அவருக்கு வண்டி தேவைதான், அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்தார். துடைக்க எடுத்தது மூத்தவள் வைத்திருந்த சீருடைத் துணியின் மிச்சம். கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். 'என்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருக்கிறாரா இந்த மனுஷன்?' என்று மூத்தவளுக்கு அந்த இரும்பு வண்டிமேலும் பொறாமை வந்தது.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டாள். "மிஷின் வாங்கித் தர்றதாச் சொன்னீங்களே."

"பழசுல எண்ணெய் விட்டுப் பாரேன்."

"மோட்டார் போயிடுச்சுங்க. மெக்கானிக்கே கையை விரிச்சிட்டான்."

"பார்க்கலாம், பார்க்கலாம். இப்ப என்ன, வீட்டுல சோத்துக்கு இல்லாமலா போச்சு?"

"அந்தப் பணத்துல எனக்கு ஒண்ணுமே கிடையாதா?"

எடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்கு, எனக்குன்னு தனியா என்ன இருக்கு? ஒரே அடுப்பு, ஒரே குடும்பம். நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த?"

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார்.

மூத்தவள் அதற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து சும்மா இருக்கப் பழகினாள். தைக்க ஒன்றுமில்லாத கை வேறு எந்த வேலையிலும் ஒட்டவில்லை. முற்றத்தில் புகை எழும். இளையவள் குந்தி உட்கார்ந்து பலகையை ஒடித்துச் செருகுவாள். ஒருநாள் ஒரே ஒரு உருளைக்கிழங்கைத் தணலில் போட்டு, தோலை உரித்து, உப்பைத் தொட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி மெதுவாகத் தின்றாள். பணம் போய், பார்த்துவைத்த அறை போய், மூன்று செங்கல்லோடு நிற்கிறவள். அவளைப் பார்த்தும் மூத்தவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த உருளைக்கிழங்கை யாரையும் கேட்காமல் அவள் தின்றாள். அது அவளுடையதாக இருந்தது.

இவளிடமிருந்து எதைப் பிடுங்கினால்தான் என் எரிச்சல் அடங்கும் என்று யோசித்துப் பார்த்தாள் மூத்தவள். பிடுங்கியாயிற்று, அடங்கவில்லை. அப்படியானால் எரிச்சலுக்குக் காரணம் அவள் கையில் இருந்தது எதுவும் இல்லை. தன் கையில் எதுவுமே இல்லாததுதான். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. புரிந்ததும் அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

அடுத்த நாள் எடைக்காரர் வேலைக்குப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். காப்பீட்டு ஆபீஸ் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியெல்லாம் தோல் நாற்றம். மேலே இரண்டு மேஜை, ஒரு பெஞ்சு. சுவரில் ஆற்றின் படம், அதில் ஒரு சிவப்புக் கோடு. ஒரு மேஜையில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர். அவருக்குப் பின்னால் குடைக்காரி, படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்த சாட்சியை மாத்தணும்" என்றாள் மூத்தவள்.

கிளார்க் கோப்பை எடுத்துப் பார்த்தார். "முப்பது நாளைக்குள்ள மாத்தலாம். இன்னும் நாலு நாள் இருக்கு. மாத்தினா, அவர் வாங்கின பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும். தெரியும்ல?"

"தெரியும்."

"முன்னால என்ன சொன்னீங்க, இப்ப என்ன சொல்றீங்க?"

"அவ எப்பவுமே எங்க அடுப்புல சாப்பிட்டான்னு சொன்னேன். அது பொய். மூணு வருஷமா அவ தனியாத்தான் சமைச்சா. வெள்ளத்துல அவ அடுப்பு போனதுக்கப்புறம் அஞ்சு வாரம் என் அடுப்புல சாப்பிட்டா. அரிசி அவளோடது."

"பொய் சொன்னதுக்குக் காரணம்?"

"பொறாமை."

கிளார்க் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். "அதை எப்படிம்மா எழுதுறது? 'தவறான புரிதல்'னு போட்டுடலாம்."

"நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். அப்படியே எழுதுங்க."

குடைக்காரி அடுக்குவதை நிறுத்திவிட்டாள். கிளார்க் எழுதினார். எழுதிவிட்டுக் காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "இங்க உங்க கையெழுத்து. இந்தக் கட்டத்துல குடும்பத் தலைவர் கையெழுத்து. வாங்கிட்டு வந்துடுங்க."

"யாரு கையெழுத்து?"

"உங்க வீட்டுக்காரர். குடும்பப் பணம் சம்பந்தப்பட்ட மாற்றம்னா தலைவர் சம்மதம் வேணும். விதி."

மூத்தவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு என்கிட்ட இது எதுவும் கேக்கலையே. அவ தனிக் குடும்பம் இல்லன்னு சொல்றதுக்கு என் ஒருத்தி வாய் போதும். தனிக் குடும்பம்தான்னு சொல்றதுக்கு மட்டும் அவரு சம்மதம் வேணுமா?"

"நான் என்னம்மா செய்ய முடியும்? படிவம் அப்படி இருக்கு."

"அவரு பணத்தை எடுத்து வண்டி வாங்கிட்டாரு. அவரே வந்து கையெழுத்துப் போட்டு வண்டியைத் திருப்பிக் குடுப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் ஒரு வீட்டுக்குத் தலைவர்தானே.

பின்னாலிருந்து குடைக்காரி பேசினாள். யாரையும் பார்க்காமல், கையிலிருந்த படிவங்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "தனி அடுப்பு வச்சிருந்தா பொம்பளையும் குடும்பத் தலைவிதான் சார். புருஷன் உயிரோட இருக்கணும், இருக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. தலைவியா இருந்தா அந்தக் கட்டத்துல அவங்களே கையெழுத்துப் போடலாம்."

 கீழே செருப்புக் கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் பேனாவை எடுத்தாள். தன் பெயருக்கான இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். குடும்பத் தலைவர் என்று இருந்த கட்டத்திலும் அதே கையெழுத்தைப் போட்டாள்.

"இரும்மா, இரு" என்று பதறினார் கிளார்க். "நீங்க தனியாச் சமைக்கிறீங்களா? அதுக்கு வீட்டுல இருக்கிற இன்னொருத்தர் சாட்சி சொல்லணும். யாரைக் கேக்கிறது?"

"என் ஓரகத்தியைக் கேளுங்க."

"அவங்க உங்களுக்குச் சாதகமாச் சொல்வாங்களா? நீங்க செஞ்சதுக்கு?"

"அவ பொய் சொல்ல மாட்டா" என்றாள் மூத்தவள். "அதனால இன்னைக்கே நான் அடுப்பு வச்சாகணும். நாளைக்குக் காலையில வந்து பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக்குப் போனாள். இடிந்த சுவரில் கல்லுக்கா பஞ்சம்? மூன்றைப் பெயர்த்து வைத்தாள். ஒன்று ஆடியது, மண்ணை அணைத்துச் சரிசெய்தாள். ஒரு சின்னப் பாத்திரத்தில் ஒரு ஆளுக்கு அரிசி எடுத்துக்கொண்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை அள்ளிப் போட்டுத் திரும்ப எடுத்தாள்.

இளையவள் வேலையிலிருந்து வந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் ஆபீஸில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பொறாமை என்று எழுதச் சொன்னதையும் சொன்னாள்.

இளையவள் தன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பலகையை ஒடித்து, தீ மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"நாளைக்கு அவங்க வந்தா, இவங்க தனி அடுப்புன்னு சொல்லுவேன். கண்ணால பார்க்கிறேன், சொல்லித்தானே ஆகணும். ஆனா உங்ககூட இனிமே பேச்சு வச்சுக்க மாட்டேன். அது வேற, இது வேற."

மூத்தவள் தலையாட்டினாள். அதைக் கேட்டு வலித்தது. இப்படி ஒரு முடிவை எடுத்து முகத்துக்கு நேராகச் சொல்ல முடிகிறதே இவளால் என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அது எரியவில்லை. தானும் இன்றைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. எடைக்காரர் உள்ளே வந்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து பார்த்து, முற்றத்துக்கு வந்தார். இரண்டு புகைக்கும் நடுவில் நின்றார்.

"என்னடி இது கூத்து? சோறு எங்க?"

மூத்தவள் எழுந்திருக்கவில்லை. பாத்திரத்தை ஒரு தடவை கிளறிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அடுப்பு உள்ள இருக்கு, பத்த வச்சுக்குங்க. இந்த அடுப்புல குடும்பத் தலைவிக்கு மட்டும்தான் வச்சிருக்கேன்."